கோப்பை கழுவப் போகும் பிள்ளைக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஒருவனைச் சற்று இளக்காரமாகக் குறிப்பிட வேண்டுமானால், "அவன் அங்கை கோப்பை கழுவுறான்" என்பார்கள். அப்படிச் சொல்பவர் சாய்ந்திருக்கும் கதிரையும், அந்தக் கதிரை கிடக்கும் விறாந்தையும், விறாந்தைக்கு மேலே எழுந்த மாடியும் பல வேளைகளில் கோப்பை கழுவிய காசிலேயே வந்தவை. 1980களில் சுவிற்சர்லாந்துக்குப் போன எங்கள் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் உணவகங்களின் சமையலறைகளிலேயே தொழில் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்த செய்தி இங்கு எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னர் ரொறன்ரோ சென்றவர்களில் எத்தனையோ பேரின் முதற் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இத்தனைக்கும் இது எங்களுக்குப் புதிய தொழிலும் அன்று. காரைநகரிலும் தீவுப்பகுதியிலும் இருந்து புறப்பட்டவர்கள் இலங்கை முழுவதும் கடை நடத்தினார்கள். அவற்றிற் பல சாப்பாட்டுக் கடைகள். மீசை அரும்பாத பையன்கள் மாமன்மாரின் கடைகளுக்கு அனுப்பப்பட்டு, மேசை துடைத்து, தேநீர் ஆற்றி, பத்து ஆண்டுகளின் பின் காசு மேசையில் அமர்ந்தார்கள். அந்தப் பையனுக்குக் கூடவே ஒரு கல்வி கிடைத்தது. எந்த முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைப்பான், எந்தக் கடையில் படுக்க இடம் நல்லது, ஊருக்கு எவ்வளவு அனுப்பிவிட்டு எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்தச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இடையில் எங்கோ அறுந்துவிட்டது என்பதை நான் சொந்த வீட்டிலேயே கண்டுகொண்டேன்.

2025 ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் அயலில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் கைத்தொலைபேசியும் கையுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகள் ஒன்ராறியோவில் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அனுப்புவதற்காகத் தோட்டக் காணியை ஈடு வைத்தவர் அவர். கல்விக் கட்டணத்தைத் தவிர வாழ்க்கைச் செலவுக்கென்று மட்டும் 20,635 டொலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று கனடா விதித்திருந்த காலம். 2025 செப்ரெம்பரில் இருந்து அது 22,895 ஆக உயர்ந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் ஒருக்கால் பிள்ளையோடை கதையுங்கோ. கோடை லீவுக்கு நயாகராவிலை ஒரு ஹோட்டலுக்கு அறை துப்புரவாக்கப் போகப் போறாளாம். கூடப் படிக்கிறதுகள் நாலு பேர் போகுதுகளாம். ஊர் அறிஞ்சால் என்ன நினைக்கும்? நீங்கள் சொன்னால் கேப்பாள்."

பிள்ளையைத் தடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நான் தடுக்கவில்லை. அதற்குக் காரணம் என் தங்கையின் மகன்.

அவன் 2023 கோடையில் அதே நயாகராவுக்குப் போனவன். ஒரு முகவர் மூலம் வேலை. அறை துப்புரவு, இரவில் சலவைப் பகுதி. பாதிச் சம்பளம் வங்கிக்கு, மீதி காசாகக் கையில். முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. ஓகஸ்டில் மூன்று கிழமைச் சம்பளம் வரவில்லை. 'அடுத்த கிழமை', 'அடுத்த கிழமை' என்று சொல்லிக்கொண்டிருந்த முகவரின் தொலைபேசி ஒருநாள் நின்றுவிட்டது. பையன் செப்ரெம்பரில் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். தாய்க்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, வேறு எதையோ கதைக்கும்போது தற்செயலாக வாய்தவறிச் சொன்னான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் இருந்தவன். கொப்பித் தாளில் நாளிதழ் அச்சிட்ட போர்க்காலத்திலும் எழுதினேன். யுத்தம் முடிந்த பின்னர் வன்னியில் இருந்து ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போன பெண் பிள்ளைகளிடம் மணித்தியாலக் கணக்குக் கேட்டு, சம்பளச் சிட்டை வாங்கிப் பார்த்து, மேலதிக நேரக் கொடுப்பனவு குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறேன். அதே நான், சொந்த மருமகனோடு ஞாயிறுதோறும் கதைத்தபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: "படிப்பு எப்படிப் போகுது?" வேலையைப் பற்றிக் கேட்பது அவனைச் சங்கடப்படுத்தும் என்று நினைத்தேன். சங்கடம் உண்மையில் யாருக்கு என்பதை இப்போது நான் வெளிச்சமாகவே சொல்லிவிடலாம். எனக்குத்தான்.

ஆகவே அன்று இரவு ஆசிரியையின் மகளை வட்ஸ்அப்பில் அழைத்தேன். "அம்மா சொல்லித்தானே எடுத்தனீங்கள், மாமா?" என்றாள் எடுத்த எடுப்பில். ஆம் என்றேன். "போக வேண்டாம் எண்டு சொல்லப் போறியளோ?" இல்லை, எப்படிப் போவது என்று கதைப்போம் என்றேன். அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் சத்தம் இல்லை. அதன் பிறகு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அவளும் தேடினாள், நானும் தேடினேன், பல நாட்கள் தொடர்ந்தது. அடுத்த கோடைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டங்களையே சொல்கிறேன். கனடாவில் தொழிற் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். பான்ஃப் மலைநகருக்குப் போகிறவர்கள் அல்பேர்ட்டாவின் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில், வேலை செய்ய உரிமை உண்டா என்பது. படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலம் வரை என்பது 2024 நவம்பர் 8 முதல் உள்ள விதி. கல்லூரியே அறிவித்த விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் செய்யலாம். ஆனால் விடுமுறைக்கு முன்னும் பின்னும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். சில பாடநெறிகளில் கோடைகாலம் விடுமுறை அன்று. அதுவும் ஒரு தவணை. தோழிக்கு விடுமுறை என்பதால் தனக்கும் விடுமுறை என்று எண்ணி, அந்தத் தவணையைத் தானாகத் தள்ளிவைத்துவிட்டு வேலைக்குப் போனால், அது அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையை மீறிய வேலையாகிவிடும். கல்லூரியின் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். அவளுக்கு ஏப்ரல் முடிவில் இருந்து செப்ரெம்பர் வரை உண்மையான விடுமுறை.

அடுத்தது சமூகக் காப்புறுதி இலக்கம், எல்லோரும் 'சின் நம்பர்' என்பது. அதைப் பெறக் கட்டணம் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு 9இல் தொடங்கும். படிப்பு அனுமதி முடியும் நாளிலேயே அதுவும் முடியும். அனுமதியைப் புதுப்பித்தவர்கள் இதையும் புதுப்பிக்க வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள். வேலை தருவதாகச் சொல்லி நேர்முகத்துக்கு முன்பே இந்த இலக்கத்தைக் கேட்பவனுக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொருவருடைய இலக்கத்தில் வேலை செய்யலாம் என்று சொல்பவனிடம் இருந்து விலகி ஓட வேண்டும், அவன் எங்கள் ஊரவனாக இருந்தாலும். கடவுச்சீட்டைப் 'பாதுகாப்புக்காக' வாங்கி வைக்கிறேன் என்பவனும் அதே இனம். பிரதி போதும்.

முகவரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்றுக் கடுமையாகியிருக்க வேண்டும். "மாமா, ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று கேட்டாள். அப்போது நான் மருமகனின் கதையைச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் தற்காலிக ஆட்களை வழங்கும் முகவர் நிலையங்கள் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் எவரும் பார்க்கத்தக்கதாக உள்ளது. வேலைக்கு அனுப்புவதற்காகத் தொழிலாளியிடம் முகவர் நிலையம் காசு வாங்கவும் முடியாது. அவள் முகவரைத் தவிர்த்து, விடுதிக்கே நேரடியாக விண்ணப்பித்தாள். நயாகராவில் கோடை என்பது மே மாதத்து விக்ரோரியா நாளில் சூடுபிடித்துச் செப்ரெம்பர் முதற் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு தணிவது. விடுதிகளுக்கு அந்தப் பதினைந்து பதினாறு கிழமைக்கு ஆள் வேண்டும். பெப்ரவரி, மார்ச்சிலேயே தேடத் தொடங்குபவர்களுக்கு முகவர் தேவைப்படுவதில்லை. ஏப்ரலில் தொடங்கிய எங்கள் பிள்ளை பதினொரு இடத்துக்கு எழுதி, இரண்டில் பதில் பெற்றாள்.

சம்பளத்தில் ஒரு தந்திரம் உண்டு. 2025 கோடையில் ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17 டொலர் 20 சதம். 2025 ஒக்ரோபர் 1 முதல் 17 டொலர் 60 சதம். 'மாணவர் சம்பளம்' என்று அதைவிட ஒரு டொலர் குறைந்த வீதம் ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது 18 வயதுக்குக் குறைந்த மாணவருக்கு மட்டுமே உரியது. "நீ மாணவிதானே" என்று இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த வீதத்தைக் காட்டும் இடங்கள் உண்டு. அவளுக்குப் பதில் தந்த இரண்டு விடுதிகளில் ஒன்று அதைத்தான் செய்தது. மற்றதற்குப் போனாள்.

பயிற்சி நேரமும் வேலை நேரமே. 'மூன்று நாள் சும்மா வந்து பழகு' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து வேலை வாங்க முடியாது. அரை மணித்தியால ஓய்வு தர வேண்டும். வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு. 17.20இல் அது 25 டொலர் 80 சதம். இதிலும் சுற்றுலா நகரத்துக்கென்று ஒரு விதிவிலக்கு இருப்பதை வாசித்தபோது நானே வியந்தேன். ஆண்டில் 24 வாரங்களுக்கு மேற்படாத பருவகால வேலைக்கு விடுதியோ உணவகமோ தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து ஆளை வைத்திருந்தால், மேலதிக நேரம் 44இல் அல்லாமல் 50 மணித்தியாலத்துக்குப் பின்னரே தொடங்கும். ஆகவே 'இருக்க இடமும் சாப்பாடும் இலவசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு கணக்குப் போட வேண்டும். அது இலவசமும் அன்று. சம்பளத்தில் ஈடுசெய்வார்கள். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவதற்குத் தனியறைக்காக அவர்கள் சேர்க்கக் கூடியது வாரம் 31 டொலர் 70 சதம் மட்டுமே. பகிர்ந்துகொள்ளும் அறையானால் அதில் பாதி.

உடைந்த குவளைக்கும் தட்டுக்கும் சம்பளத்தில் வெட்ட முடியாது. மேசையில் விட்டுப்போகும் அன்பளிப்புக் காசைப் பணியாளர்களிடையே பகிரலாம். முதலாளி தனக்கென்று எடுக்க முடியாது. விடுமுறைக் கொடுப்பனவாகச் சம்பளத்தின் 4 சதவீதம் தனியே வரவேண்டும். அரச விடுமுறை நாட்களில் வேலை செய்தால் மேலதிகக் கொடுப்பனவோ மாற்று விடுமுறையோ உண்டு. கனடா தினமாகிய ஜூலை 1 அத்தகையது. ஓகஸ்டின் முதற் திங்கள் அப்படியன்று. ஊரெல்லாம் விடுமுறை என்று கொண்டாடும். சட்டப் பட்டியலில் அது இல்லை. இதை அறியாமல் மேற்பார்வையாளரோடு சண்டைக்குப் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு கோடிட்ட கொப்பி என்றேன். சிரித்தாள். தொழிற்பேசியில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றனவாம். இருக்கட்டும். தினமும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, செய்த அறைகளின் எண்ணிக்கை, அன்று மேற்பார்வை செய்தவர் யார் என்பவற்றைப் படுக்கப் போகுமுன் எழுத வேண்டும். வேலை அட்டவணை வட்ஸ்அப்பில் வந்தால் அழிக்கக் கூடாது. சம்பளச் சிட்டை ஒவ்வொன்றையும் கொப்பியோடு ஒப்பிட வேண்டும். காசாகத் தருகிறேன் என்றால், அன்றைக்கு இனிப்பாகத்தான் இருக்கும், வரி பிடிபடாது. ஆனால் காயம் பட்டால் அந்த மணித்தியாலம் நடந்ததற்குச் சாட்சி இல்லை. சம்பளம் வராவிட்டாலும் சாட்சி இல்லை. என் மருமகனுக்கு நடந்தது அதுதான். அவன் எதையும் எழுதி வைக்கவில்லை.

இனி உடம்பைப் பற்றி. விடுதி அறை துப்புரவு என்றால் எங்கள் வீட்டு முற்றம் கூட்டுவது போல என்று தாய்மார் நினைக்கிறார்கள். அது இடுப்பையும் மணிக்கட்டையும் தின்னும் வேலை. மெத்தையை முழுவதும் தூக்காமல் மூலையை மட்டும் முழங்காலில் நின்று உயர்த்த வேண்டும். குப்பைப் பையைக் கையால் அமுக்கக் கூடாது. உள்ளே ஊசி இருக்கலாம். இரண்டு துப்புரவுத் திரவங்களைக் கலக்கவே கூடாது. குளோரீன் உள்ளதும் அமிலமும் சேர்ந்தால் சிறிய குளியலறையில் மூச்சு அடைக்கும் வாயு உண்டாகும். வழுக்காத அடியுள்ள சப்பாத்துக்கு முதற் சம்பளத்தைப் பார்த்திருக்காமல் கடன் வாங்கியாவது செலவழிக்க வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. காயம் பட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, மருத்துவரிடம் 'வேலையில் பட்டது' என்று சொல்ல வேண்டும். 'வீட்டிலை விழுந்தது எண்டு சொல்லு' என்பவரின் பேச்சைக் கேட்டால் வேலைத்தலக் காப்புறுதியை இழக்க நேரும். வெளிநாட்டு மாணவருக்கு மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி இல்லை. கல்லூரி எடுத்துத் தந்த காப்புறுதி கோடை மாதங்களுக்கும் செல்லுமா என்று போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. தாய் சொல்லத் தயங்கியதை நான் சொன்னேன். அறைக்குள் துப்புரவு செய்யும்போது கதவைத் திறந்து வைத்து, வண்டிலைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்த வேண்டும். விருந்தினர் உள்ளே வந்தால், வெளியே வந்துவிட வேண்டும். பிறகு வருகிறேன் என்ற ஆங்கில வாக்கியம் ஒன்று வாயில் தயாராக இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 'சொறி' என்ற சொல் முந்திக்கொண்டு வரும். 'நோ' வருவதற்கு நேரம் எடுக்கும். அந்தப் பக்கத்தில் இருந்து அவள் மூன்று முறை அதைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது பரவாயில்லை.

தங்குமிடத்துக்கு முற்பணம் அனுப்புமுன் ஒருவராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் ஒரு நிலவறையில் என்றால் வாடகை குறையும். ஆனால் வெளியேறும் வழி எத்தனை, புகை அறிவிக்கும் கருவி வேலை செய்கிறதா, இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்தால் பேருந்து உண்டா என்று கேட்க வேண்டும். ரொறன்ரோவில் இருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அவசரத்துக்கு உறவினர் வந்து நிற்கும் தூரம் என்றாலும் ஒவ்வோர் இரவும் ஏற்றி இறக்கும் தூரம் அன்று. வானவில் பாலத்தைப் பற்றியும் எச்சரித்தேன். நீர்வீழ்ச்சியை அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று நண்பர்கள் நடப்பார்கள். பாலத்தின் மறுமுனை அமெரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். ஒரு புகைப்படத்துக்காக எல்லை அதிகாரியின் முன்னே போய் நிற்கத் தேவையில்லை.

கடைசியாகக் காசு. இந்தப் பகுதியைப் பிள்ளைக்கு அல்ல, தாய்க்கே சொன்னேன். வாரம் 40 மணித்தியாலம், 16 கிழமை, 17.20 வீதம். மொத்தம் 11,008 டொலர். இங்கே ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் ஓய்வூதியத்துக்கும் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் பிடிப்பார்கள். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போகப் பாதி மிஞ்சினாலே கெட்டித்தனம். அந்தப் பாதி செப்ரெம்பரில் கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்துக்கே போதாது. ஆகவே ஆவணியில் திருவிழா உபயத்துக்கும், அடகு நகை மீட்புக்கும், சீட்டுக் காசுக்கும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அவள் தருவாள்; அதற்காக வாரம் அறுபது மணித்தியாலம் வேலை செய்வாள்; உங்களுக்குச் சொல்லமாட்டாள். ஆசிரியை பதில் சொல்லாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டு ஏற்கெனவே பிள்ளையின் காசை நம்பிப் பிடித்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த ஆண்டு பெப்ரவரி இறுதிக்குள் முதலாளி வருமானச் சான்றை அனுப்ப வேண்டும். ஏப்ரல் 30க்குள் வரிப் படிவம் கொடுக்க வேண்டும். வேறு வருமானம் இல்லாத பிள்ளைக்குப் பிடித்த வருமான வரி பெரும்பாலும் திரும்ப வரும். சோம்பலால் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் இன்னொரு விதி கண்ணில் பட்டது. கொடுக்கப்படாத சம்பளத்துக்கு ஒன்ராறியோ தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கட்டணம் இல்லை. சட்டத்தரணி தேவையில்லை. தொழிலாளியின் குடிவரவு நிலையைப் பொறுத்ததும் அன்று. என் மருமகனின் சம்பளம் நின்றது 2023 ஓகஸ்டில். நான் இதை வாசித்தது 2025 ஏப்ரல் இறுதியில். நான்கு மாதம் மட்டும் மிச்சம்.

அழைத்துச் சொன்னேன். "விடுங்கோ மாமா, போனது போகட்டும்" என்றான். விசாவுக்குப் பிரச்சினை வரும் என்ற பயம். அவன் வேலை செய்தது கோடை விடுமுறையில். அது போதாதென்று, 2022 நவம்பரில் இருந்து 2024 ஏப்ரல் வரை மணித்தியால எல்லையையே தளர்த்தியிருந்த காலம் அது. அவன் பக்கம் பிழை எதுவும் இல்லை என்று சொன்னேன். ஆதாரம் இல்லையே என்றான். பழைய தொலைபேசியைத் தேடச் சொன்னேன். மே போயிற்று, ஜூன் போயிற்று. நான் ஞாயிறுதோறும் கேட்டேன். படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஜூலை நடுவில், பழைய தொலைபேசியின் வட்ஸ்அப்பில் மேற்பார்வையாளர் அனுப்பிய வேலை அட்டவணைப் படங்கள் அந்த மூன்று கிழமைக்கும் இருப்பதாகச் சொன்னான். குரல் வேறுவிதமாக இருந்தது.

ஆசிரியையின் மகள் செப்ரெம்பரில் கல்லூரிக்குத் திரும்பினாள். கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஜூன் மாதத்தில் ஒரு கிழமை ஆறு மணித்தியாலம் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்களாம். கொப்பியைக் காட்டியதும் அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிட்டார்கள். தாயார் இன்றைக்கும் கோவிலில் கேட்பவர்களிடம் மகள் கோடையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்ததாகத்தான் சொல்கிறார். பக்கத்தில் நின்ற நான் திருத்தவில்லை.

மருமகன் முறைப்பாட்டை அனுப்பியது 2025 ஓகஸ்டின் முதற் கிழமையில். "அனுப்பிப் போட்டன் மாமா. அம்மாவுக்கும் சொல்லிப் போட்டன்" என்று எழுதியிருந்தான். முடிவு இன்னும் வரவில்லை.